ஈச்சம்புதூர் ரோடு

ஈச்சம்புதூர் இங்கிருந்து மூன்று மைல்.
ஊர் ஸ்டேஷனுக்கு வரவில்லை,
ஸ்டேஷனும் ஊருக்குப் போகவில்லை.
நடுவில் கிடந்த தூரத்துக்குத்தான்
ரோடு என்று பெயர் வைத்தார்கள்.
மஞ்சள் பலகையில்
ஈச்சம் வரைக்கும் துரு தின்றிருக்கிறது.
புதூர் மட்டும் புதிதாகவே இருக்கிறது.

நான் வந்தது எழுதிக்கொண்டு போக.
கோட்ட அலுவலகம், சொத்துப் பிரிவு,
இடிப்பதற்கு முன் ஒரு பட்டியல்.
கட்டடம் ஒன்று. ஓடு பாதி.
சிமென்ட் பெஞ்சு இரண்டு, ஒன்றுக்கு முதுகில்லை.
தண்டவாளம் இல்லை.
அகலப் பாதை போட்டபோது வளைவை நிமிர்த்தினார்கள்.
நிமிர்ந்த ரயில் இப்போது
மல்லாட்டைக் கொல்லைக்கு அந்தப் பக்கம்
வேறு யாருக்கோ ஊதிக்கொண்டு போகிறது.

எதற்காகக் கட்டினார்கள் என்பதற்குப்
பழைய கோப்பில் ஒரே சொல்: விறகு.
ஜவ்வாது மலை கட்டை கட்டையாக இறங்கிவந்து
இங்கேதான் எஞ்சினுக்குள் ஏறியது.
வெட்ட மலையில் ஏதும் மிஞ்சாத காலத்தில்
மல்லாட்டை மூட்டை.
லாரி வந்தபின் மூட்டை இல்லை.
மூட்டை போனபின் மாஸ்டர் இல்லை.
அதற்கப்புறம் கமிஷனுக்கு டிக்கெட் விற்க ஓர் ஆள்,
ச. துலுக்காணம்,
ரூபாய்க்குப் பதினைந்து பைசா.

பதிவேடு பரணில் கிடந்தது.
கரையான் முதல் பக்கத்தில் ஆரம்பித்துப்
பாதியில் களைத்துப்போயிருந்தது.
மிச்சத்தைப் படிக்க முடிந்தது.
நாலு டிக்கெட், அஞ்சு டிக்கெட்,
வெள்ளிக்கிழமை கீரைக்கட்டுக்காரப் பெண்கள் ஒன்பது.
பிறகு குண்டூசியில் ஒரு கடிதம்:
நாள் சராசரி பன்னிரண்டுக்குக் குறைந்தால்
நிறுத்தம் ரத்து செய்யப்படும்.
மறுநாள் பன்னிரண்டு.
அதற்கு மறுநாள் பன்னிரண்டு.
அடைமழையில், ஆடிக் கிருத்திகையில், பன்னிரண்டு.
பந்த் நடந்து வண்டியே ஓடாத நாளில்கூடக்
கை பழக்கத்தில் பன்னிரண்டு எழுதி,
அடித்து, பக்கத்தில் ஒரு சுழி.

தகரப் பெட்டியின் பூட்டை உடைத்தேன்.
அட்டை டிக்கெட்டுகள், வாழைநாரில் கட்டுக் கட்டாக.
எல்லாம் வேலூர் கன்டோன்மென்ட்.
எல்லாம் தேதி குத்தியவை.
பரிசோதகர் போடும் ஓட்டை எதிலும் இல்லை.
தரையில் உட்கார்ந்து எண்ணினேன்.
ஏழாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில்
விரல் மரத்தது, நிறுத்தினேன்.
யாரும் போகாத பயணங்கள்,
ரூபாய்க்கு எண்பத்தைந்து பைசா வீதம்
ஓர் ஆளின் சட்டைப்பையிலிருந்து.

கொல்லையில் களை எடுத்தவர்களைக் கேட்டேன்.
"பச்சக் கொடி மேல ஆச சார் அந்தாளுக்கு,
வேற இன்னா."
"சம்சாரத்துக்கு வேலூர்ல வைத்தியம் நடந்துகினு இருந்துச்சி,
பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடும்னுதான்."
"அந்தம்மா செத்ததுக்கு அப்பாலயும்தான வாங்கினாரு?
கீரக்காரிங்களுக்கு வட்டிக்குக் குட்த்துருந்தாருபா,
வண்டி நின்னா வசூலு நின்னுடும்ல."
களைக்கொத்துகள் மறுபடி குனிந்துகொண்டன.

விதிப்புத்தகப்படி இது பொய்க்கணக்கு.
ரயில்வேக்கு நட்டம் வராத பொய்க்கணக்கு.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை,
களை எடுத்தவர்கள் சொன்னதற்கும் இல்லை.

கடைசி வண்டி ஓடிய நாள்,
பதிவேட்டில் அன்றும் பன்னிரண்டு.
அந்தத் தேதிக் கட்டை மட்டும் பிரித்து
மடியில் பரப்பி
இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.
பதினொன்று.
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்,
ஒரு பல்லி விழுந்து ஓடியது.

மூன்றே காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் போனது.
பேனாவை உதறி எழுதினேன்:
பழைய காகிதம், சுமார் எட்டு கிலோ,
ஏலத்துக்கு உரியது.
பெட்டி இரும்பு,
அது வேறு வரிசை.