நடுத்துண்டு

ஜூன் பிறந்தால் சிபியு நகரமே
நடிகர்களுக்காகக் காத்திருக்கும்.
நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
நாற்காலிகள் நனைந்தால்
துடைக்க நானும் ரெமுஸும்தான்.

நூற்று நாற்பது வெள்ளை நாற்காலிகள்,
முதுகில் என் பெயரின் முதலெழுத்து.
மாலை நாலுக்குச் சதுக்கத்தில் இறக்கிவிட்டு
இரவு பதினொன்றுக்கு அள்ளிப்போக வருவோம்.
பதினோரு வருடமாக இப்படித்தான்.
நாடகமே பார்த்ததில்லை என்று சொல்லிவிட முடியாது.
முடிவுகள் பார்த்திருக்கிறேன்.

ஏன் சாகிறாள் என்று தெரியாமலே
யாரோ ஒரு ராணிக்காக
வேன் கயிற்றைப் பிடித்தபடி அழுதிருக்கிறேன்.
மாப்பிள்ளை யாரென்று விசாரிக்காமல்
கல்யாணங்களுக்குக் கைதட்டியிருக்கிறேன்.
ஒரு தடவை மேடையில் வெறும் வாளி,
அதில் சொட்டும் தண்ணீர்.
அவ்வளவு கூட்டமும் மூச்சுவிடவில்லை.
'வாளிக்கு அப்படி என்ன ஆச்சு?'
வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான் ரெமுஸ்.

இந்த ஊர்க் கூரைகளுக்குக் கண்கள் உண்டு,
இமை தாழ்ந்த சின்னச் சின்ன ஜன்னல்கள்.
அதில் ஒன்றைத் திறந்துதான்
வெத்தூரியா கத்தினாள்:
'இழுக்காமல் தூக்கத் தெரியாதா
நாற்காலிக்காரரே?'
விடியற்காலை மூன்றுக்கு அவளுக்கு ரொட்டி அடுப்பு.
நாடகம் சூடுபிடிக்கும்போதே
படுக்கப் போய்விடுவாள்.

மறுநாள் நாலு மணிக்கு
முழங்கையில் மாவோடு இறங்கி வந்தாள்.
நகராட்சியில் எழுதிக் கொடுத்த புகாரின் நகலைக் காட்டினாள்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு,
'சரி, அந்த மூன்று சகோதரர்கள்
கடைசியில் வீட்டை விற்றார்களா இல்லையா?'
எந்தச் சகோதரர்கள்?
நான் வந்தபோது குதிரை மட்டும் நின்றது.
'குதிரையா?'
அட்டைக் குதிரை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முதல் வரிசையில் உட்கார்ந்து யோசித்தாள்.
'விற்ற பணத்தில் வாங்கியிருப்பார்கள்.'
குதிரைதான் மூத்தவன் என்றான் ரெமுஸ்.

அந்த வாரம் முழுக்க நாலு மணிக்கு
முந்தின இரவின் தலையை அவள் கொண்டுவந்தாள்,
வாலை நான்.
ஒட்டவே ஒட்டாது.
அவளுடைய கலங்கரை விளக்குக்காரன்
என் கையில் கன்னியாஸ்திரீ ஆகியிருப்பான்.
அவள் மௌனத்தில் விட்டுப்போன ஜோடி
என்னிடம் வரும்போது
பாத்திரங்களை உடைத்துக்கொண்டிருக்கும்.
நடுத்துண்டு எப்போதும்
டிக்கெட் வாங்கியவர்களுக்கு.

வியாழக்கிழமை மழை.
நாற்காலிகளைக் காப்பாற்ற
ஒன்பதரைக்கே வேனை விரட்டிக்கொண்டு வந்தேன்.
ஒருவரும் போகவில்லை.
என் நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத்
தலைக்கு மேல் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தார்கள்,
நாலு காலும் வானத்தைப் பார்க்க.
மேடையில் ஒருத்தி
கிழவன் ஒருவனின் தலைமுடியை
மழையிலேயே அலசிக்கொண்டிருந்தாள்.
அது ஒத்திகையில் இருந்ததா,
மழை வந்ததால் வந்ததா,
யாரைக் கேட்பது?
அவள் மனைவியா, மகளா, எதிரியா?
விரல்கள் அவசரப்படவே இல்லை.
கிழவன் கண்ணை மூடிக்கொண்டு
ஒரு சொல் சொன்னான்.
இடி அதைத் தின்றுவிட்டது.
எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்
தன் நாற்காலியைக் கொஞ்சம் சாய்த்து
எனக்கும் இடம் கொடுத்தாள்.
என் நாற்காலியில் எனக்கே கிடைத்த
முதல் இடம்.

நிமிர்ந்தேன்.
கூரையின் அந்தக் கண் திறந்திருந்தது.
பத்தே முக்கால் ஆகியும் மூடவில்லை.

இரவு எண்ணினோம். நூற்று முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினோம்.
ரெமுஸ் மேடைக்கு அடியில்கூடத் தேடினான்.
விளக்குகளை அணைக்கும்போதுதான் பார்த்தேன்,
மூன்றாம் மாடிக்கும் மேலே
அந்த ஜன்னலில் வெள்ளையாக ஒரு முதுகு,
அதில் என் எழுத்து.

புகாரை அவள் திரும்பப் பெறவில்லை.
நானும் போய்க் கதவைத் தட்டவில்லை.
ஞாயிறு வரை இருக்கட்டும்.
வாடகையை
என் பெயரில் எழுதிக்கொண்டேன்.