முந்நூற்று எட்டாம் பக்கம்

திங்கள், புதன், வெள்ளி.
வூப்பர்டாலில், இடக்கையை நான்கு மணிநேரம்
இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு
வலக்கையால் பக்கம் புரட்டுகிறவர்கள் நாங்கள்.
பக்கத்துக் கதிரை டெட்லெஃப்:
முப்பது வருசம் லொறி ஓட்டியவர்.
சிறகு முளைத்தது ஏதும் இல்லாத கதையைத்
தொடவே மாட்டார்.
நான் காதல் கதைக்காரி.
அட்டையில் ஒரு சட்டைப் பொத்தான் கழன்றிருக்க வேண்டும்,
கடைசிப் பக்கத்தில் ஒரு கதவு திறக்க வேண்டும்,
அவ்வளவுதான் என் சட்டதிட்டம்.

என் ஜெர்மன் அப்படிப் பிடித்ததுதான்.
ஏக்கத்துக்கு நான்கு சொல் தெரியும்,
காப்புறுதிப் படிவத்துக்கு ஒன்றும் தெரியாது.
நகரசபைப் பெண்ணிடம் ஒருமுறை
"உங்கள் கடிதத்துக்காக விடியவிடியத் தவித்திருந்தேன்" என்றேன்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
முத்திரை உடனே விழுந்தது.

டெட்லெஃப் சொல்வார்:
முன்பக்கத்தில் வரைபடம் இருக்கிறதா, எடு.
வரைபடம் முழுக்க மலையாய் இருந்து
சாப்பாட்டுக்கடை ஒன்றுகூட இல்லையா, வை.
எழுதினவன் ஒருநாளும் பசியோடு வண்டி ஓட்டியிருக்க மாட்டான்.
இரண்டாம் பாகத்தில் தொடங்காதே.
தீர்க்கதரிசனம் பாட்டாய் வந்தால் தாண்டிப் போ.

நான் சொல்வேன்:
முதல் நாற்பது பக்கம் அவனைப் பிடிக்காது, பொறுங்கள்.
அவளுடைய குடையை அவன் திருப்பிக் கொடுக்கிற இடத்திலும்
மனம் இளகாவிட்டால்
புத்தகத்தில் பிழையில்லை,
உங்கள் பிறஷரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிரித்தார். இயந்திரம் கீச்சிட்டது.
தாதி ஸ்வான்ட்யே ஓடிவந்து இருவரையும் ஏசினாள்,
பிறகு குனிந்து
அட்டையைப் பார்த்தாள்.

நான் அவருக்குக் கொடுத்தது
மணிக்கூடு திருத்துபவனின் விதவையும்
கலங்கரைவிளக்கத்துக் கணக்காளனும்.
லொறிச் சஞ்சிகைக்குள் ஒளித்து வைத்து வாசித்தார்.
அவர் எனக்குத் தந்தது
நிழலுக்கு வரி கேட்கும் ஒரு ராச்சியம்,
நிழலை விற்றுவிட்ட தபால்காரி,
அவளுடைய கிழட்டுக் குதிரை.
"நம்புகிற மாதிரியா இருக்கு?" என்றேன்.
யன்னலைக் காட்டினார்.
ஆற்றுக்கு மேலே, வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டு
எங்கள் ஊர் ரயில்
வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்து போனது.
"அதை நம்புகிறாய்தானே?"

இரண்டு பாகம் முடிவதற்குள்
அந்தக் குதிரையில் எனக்கு உயிர்.

போன சனி, சாமம் இரண்டு மணிக்கு
எஸனிலிருந்து அவருக்கு அழைப்பு.
யாரோ ஒருவருடைய சிறுநீரகம் பொருந்திவிட்டது.
திங்கள் அவர் கதிரையில்
காதில் பாட்டு மாட்டிய ஒரு பொறியியலாளர்.
ஸ்வான்ட்யே ஒரு சூப்பர்மார்க்கெட் பையை நீட்டினாள்.
உள்ளே மூன்றாம் பாகம்.
விளிம்பில் பென்சில்:
"308இல் மூடு. 321இல் திற.
குதிரையைப் பற்றி என்னிடம் கேளாதே."

புதன், போன்.
தண்ணீர் கலந்த குரல்.
"எண்பது பக்கம் கிடக்கு, நித்திரை வருகுதில்லை.
அந்த ஆள் திரும்பி வருவானா? சொல்லிப்போடு."
"சொல்லமாட்டேன்.
ஒரு மழை வரும். அதே குடை. அவ்வளவுதான்."
"குடையா," என்றார்.
கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
பின்னால் யாரோ அவரைப் படுக்கச் சொல்லும் சத்தம்.

இன்று வெள்ளி.
இடக்கையில் இரண்டு ஊசி.
முந்நூற்று எட்டு.
பனிக் கணவாய், ஒற்றையடிப் பாதை.
தபால்காரி இறங்கி
குதிரையின் இமையில் உறைந்ததைத்
தன் கைமொளியால் தட்டிவிடுகிறாள்.
பென்சில் கோடு இங்கேதான்.
நடுவில் பெருவிரலை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.
யன்னலில் ஒரு ரயில் போகிறது.
இன்னொன்று வருகிறது.
குதிரை நிற்கிறது,
மூச்சுப் புகைய.