ஆயிரத்து நூற்றுச் சொச்சம்

மாங்குளம் சந்தி, இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை
இரண்டாம் பம்பும் நானும்.
'இங்கே போன் பாவிக்கக் கூடாது' என்ற பலகைக்குப்
பின்னால்தான் என் கதிரை.
வாகனத்துக்கும் வாகனத்துக்கும் நடுவில்
ஐந்து நிமிட ஆட்டம்.

உன் கொடியைத் தெரிவு செய் என்று கேட்டது.
பட்டியலில் மேலும் கீழும் விரல் போய் வந்து
கடைசியில் ஐஸ்லாந்தில் நின்றது.
சிலர் அந்த மொழியில் வணக்கம் சொல்கிறார்கள்.
ஒரு சிரிப்பு முகம் அனுப்பிவிட்டு
குதிரையை எடுக்கிறேன்.

எப்போதும் குதிரைதான் முதலில்.
சிப்பாய்களை அசைக்க மனம் வராது,
போனால் திரும்பி வராத ஒரே காய்.
ராணிக்கு ராணி, பத்து நகர்த்தலுக்குள் கொடுத்துவிடுவேன்;
பெரிய ஆள் கையில் இருந்தால் எனக்குப் பதற்றம்.
கோட்டை கட்டுவதில்லை.
ராசா நடுவிலேயே நிற்பான்,
கடைசி பஸ்ஸை விட்டவன் சந்தி விளக்கின் கீழ் நிற்கிற மாதிரி.
தோல்வி தெரிந்தாலும் எழும்பிப் போவதில்லை,
மேட் விழும் வரை இருந்து பார்ப்பேன்.
சிலருக்கு அது கோபம்.
'போடா' என்பதை எந்த மொழியில் எழுதினாலும்
விளங்கத்தான் செய்கிறது.

ஆட்டம் முடிய இயந்திரம் அலசித் தரும்.
பதினேழாம் நகர்த்தல், சிவப்புக் கேள்விக்குறி:
ஐம்பத்தெட்டு செக்கன் யோசித்தும் பெரும்பிழை.
யோசிக்கவில்லை ஐயா.
அது கொழும்பு பஸ், நாற்பது லீற்றர்.
இருபத்திரண்டு: மல்லாவிக்குப் போன லாண்ட்மாஸ்ரர்,
கான் இரண்டு, மிச்சக் காசுக்கு வாய்த்தர்க்கம்.
முப்பத்தொன்றில்
ஒரே நகர்த்தலில் மேட் இருந்ததாம்,
அதைக் காணாமல் என் நேரம் தீர்ந்ததாம்.
கண்டேன். விரலும் வைத்தேன்.
முல்லைத்தீவுப் பக்கமிருந்து அம்புலன்ஸ் வந்து நின்றது.

நாடு முழுக்க வரிசையில் நின்றதே ஓர் ஆனி, ஆடி,
அப்போது பம்பு காய்ந்து கிடந்தது. சம்பளம் பாதி.
கான்களைக் கயிற்றில் கோத்துவிட்டு
றோட்டுக்கரையில் சனம் உறங்கும்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.
அந்த இரண்டு மாதத்தில்தான் என் புள்ளி
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
வீட்டில் சொன்னதில்லை, சொல்ல வெட்கம்.
பவுசர் வந்த வாரமே இறங்கத் தொடங்கியது.

'உதால என்ன வருமானம் அண்ணை?'
முதலாம் பம்படியிலிருந்து நிரூசன் கேட்பான்.
பொறடா, மந்திரி மாட்டுப்பட்டிட்டுது.

ஹோர்ண் அடிக்கிறார்கள்.
பத்தொன்பது செக்கன் மிச்சம், என் முறை.
பல்கேரியாக்காரன் காத்திருக்கட்டும்.
நான் மூடியைத் திருகுகிறேன்.
சொல்லுங்கோ,
எவ்வளவுக்கு அடிக்க?