ஓ அல்ல

திங்கட்கிழமை வெளிவந்த உலாவி அது.
வியாழனுக்குள் கோபாலபுரத்தில்
பாதிப் பேர் கைபேசியில் ஏறியிருந்தது.
"சும்மா பறக்குதுங்க."
பறந்தது உண்மைதான்.
சோதனைச் சாவடியில் கோபுரம் மாறும்போது
வழக்கமாகச் செத்துப்போகும் பக்கங்கள்
இதில் உயிரோடு கடந்தன.

திருமூர்த்தி தேங்காய்மட்டை லாரி ஓட்டுகிறவர்.
எல்லைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்
ரெம்லாவின் லாட்டரிக் கடை.
இந்தப் பக்கம் குற்றம்.
அந்தப் பக்கம் அரசாங்கம்.
நடுவில் ஒரு வேகத்தடை.

மூன்று மணிக் குலுக்கல் முடிந்ததும்
யாரோ அனுப்பிய சுட்டியைத் தொட்டிருக்கிறார்.
சீட்டு எண்ணைக் கேட்டது, அடித்தார்.
ஐயாயிரம் விழுந்தது என்றது.
கணக்கு எண் கேட்டது, கொடுத்தார்.
ஆறு இலக்கம் கேட்டது,
அதையும்.
பதினோராயிரத்து நானூறு.
பின் டயருக்கு வைத்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில்
ரெம்லா கடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் பிழை பிடிக்கிறவள்.
பொள்ளாச்சி ரோட்டு மாடி அறையில் உட்கார்ந்து
ஓட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள்.
இந்த உலாவியிலேயே அதற்குள் இரண்டு கண்டிருந்தேன்.
காலிசெய்த அறையைப் பழைய சாவி
இன்னமும் திறக்கிறது: அது ஒன்று.
மற்றதை வெளியே சொல்ல இன்னும் அனுமதி வரவில்லை.

"முகவரியப் பாத்துட்டுத்தானுங்க தொட்டேன்.
பூட்டுக்கூட இருந்துச்சு."

இருந்தது.
நடுவில் எவனும் ஒட்டுக்கேட்க முடியாது என்கிறது பூட்டு.
எதிரில் பேசுகிறவன் யார் என்று
அது சொன்னதே இல்லை.

எழுத்தெழுத்தாகப் படித்தேன்.
எல். ஓ. டி. டி.
சரி.
மறுபடி படித்தேன், மறுபடியும் சரி.
எட்டு வருஷமாக இதையே பார்க்கும் கண்.

சில்லறை எண்ணிக்கொண்டிருந்த ரெம்லா
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"அது ஓ இல்லையே. எங்க எழுத்து.
ஒண்ணாங் கிளாஸ்ல சிலேட்டு நெறைய போட்டது."

மலையாள டவர்க்கத்தில் இரண்டாவது.
ஒரு வட்டம், அவ்வளவுதான்.
இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே
அதே உயரத்தில், அதே சட்டையில்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டு மொழி கலந்த பெயர் வந்தால்
நிறுத்தி, வேஷத்தைக் கலைத்து,
உள்ளிருக்கும் கோணல் எழுத்தைக் காட்டிவிடும்
பழைய உலாவிகள்.
இது புதுசு, எல்லோரையும் நம்பியது.
அல்லது வேகம் குறைகிறதென்று
அந்தச் சாவடியை யாரோ எடுத்துப்போட்டிருக்கலாம்.

வெளியே போலீஸ் ஒரு பால் வண்டியைத் தட்டித்
திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.
தென்னந்தோப்பு வழியாக, விளக்கில்லாமல்
ரேஷன் அரிசி மூட்டையோடு மூன்று பைக்குகள்.

அன்றிரவே எழுதி அனுப்பினேன்.
மூன்றாம் நாள் பதில்:
எதிர்பார்த்தபடியே இயங்குகிறது.
யார் எதிர்பார்த்தபடி, என்று கேட்டேன்.
பதினாறாம் நாள் புதுப் பதிப்பு வந்தது.
சில மேம்பாடுகள், சிறு திருத்தங்கள் என்றிருந்தது குறிப்பில்.
திருமூர்த்தி அதில் இல்லை, டயரும் இல்லை.

குறையே இல்லை என்றவர்கள்
குறைக்குக் கூலியும் போட்டார்கள்.
பாதியை நீட்டினால் திருமூர்த்தி வாங்கவில்லை.
"கண்டுபுடிச்சது நீங்க இல்லீங்களே."
ரெம்லாவிடம் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு, கணக்காக,
அத்தனைக்கும் சீட்டு கிழித்துக் கையில் வைத்தாள்.
ஒன்றுகூட விழவில்லை.

திருமூர்த்தி இன்னமும் அதே உலாவிதான்.
பறக்குதே என்கிறார்.

ரெம்லா மட்டும்
கடை வாசல் பலகையில் எண்களை எழுதும்போது
ஒவ்வொரு சைபருக்கும் குறுக்கே
ஒரு கோடு கிழிக்கிறாள் இப்போது.