மக்காதது

பெயிண்ட் வாளி அது.
இருபது லிட்டர். சந்தன நிறம் விளிம்பில்
இன்னும் காய்ந்து கிடக்கிறது.
கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
இவர் போட்டுக் கொடுத்த ஓட்டைகள் முப்பத்தேழு.
(எண்ணினேன். எண்ண நேரமிருந்த நாள்.)

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
மாடி வீட்டு வாடகைக்காரிக்கு
மண் என்று சொல்லிக்கொள்ள
இது ஒன்றுதான்.

வெங்காயச் சருகு, முருங்கைக் காம்பு,
வடிகட்டியில் பிழிந்த டீத்தூள்,
களிப் பானையின் காந்தல்,
மேலே இரண்டு கை காய்ந்த புங்க இலை,
புளித்த மோர் ஒரு கரண்டி.
மூடி. மூடிமேல் கல்,
எலிகளுக்குப் பழகிப்போன கல்.

கீழ்வீட்டு முனிரத்னம்மா
முதலில் மூக்கைப் பொத்தினாள்.
அப்புறம் அவளே
கேட் கொக்கியில் மஞ்சள் பை மாட்டத் தொடங்கினாள்.
மாங்கூழ் ஆலைக்குப் போகிறவள்.
ஆனி மாதம் பூராவும்
பகலெல்லாம் பழத்தோடு கிடந்த கையால்
ராத்திரி வீட்டுக்கு இரண்டு பழம் சீவி
தோலும் கொட்டையும் எனக்கு அனுப்புவாள்.

அந்த ஆனியில்தான் குக்கர் வெயிட் தொலைந்தது.

மகனுக்குப் பெண் தர ஆள் வருகிறார்கள் என்று
குக்கர் இரவல் வாங்கிப் போனாள்.
குக்கர் வந்தது.
'உள்ளேயே போட்டுக் கொடுத்தேனே' என்றாள்.
'இல்லையே' என்றேன்.
பிறகு அவள் தெலுங்கில் கேட்டது
எனக்குத் தமிழிலேயே புரிந்தது.

ரவுண்டானா பக்கம் எழுபது ரூபாய்க்குப்
புது வெயிட் வாங்கி வந்தார் இவர்.
அது சரியாக உட்காராது.
விசில் அடிக்காமல் முணுமுணுக்கும்.

பேச்சு நின்றுபோனது.
பை நிற்கவில்லை.

அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.
எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்புவாள்.
விடிந்தால் கொக்கியில் பை,
அவிழ்க்க நகம் போதாத முடிச்சோடு.
நானும் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொட்டினேன்.
அவள் பூசணிக் குடலும் என் பீர்க்கந்தோலும்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துச் சூடேறின.
கை வைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும்.

புழு வந்தது. மழை வந்தது.
நாற்றம் என்று சண்டைக்கு வந்த வீட்டுக்காரர்
நாற்றம் இல்லாததால்
மோட்டார் பில் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.
நகராட்சி வண்டிக் கன்னியம்மா
'ஒங்க வீட்ல எப்பவும் மக்காததுதானா' என்று
சிரித்தாள்.
ஆவணியில் வாளி நிரம்பியது.
மூலையில் தள்ளிவிட்டு
அடுத்ததைத் தொடங்கினேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய ஜன்னல் வலையில் போட்டுச் சலித்தேன்.
கருப்பட்டித் தூள் மாதிரி இறங்கியது,
மழை விழுந்த முதல் நிமிஷத்தின் வாசனையோடு.
வலைமேல் தங்கியவை:
நான்கு மாங்கொட்டை, ஒன்று முளைவிட்டு.
ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்,
எழுத்துகூட அழியாமல்.
ரப்பர் பேண்ட்.
அப்புறம்
கருத்து, குட்டியாய், கனமாய்,
அது.

என் தட்டிலிருந்து தோலோடு சரிந்ததா,
அவள் பையில் விழுந்து வந்ததா,
தெரியாது.
யாருடையது எது என்று
வாளி கணக்கு வைத்திருக்கவில்லை.

துளையை ஊசியால் குத்தினேன்.
புளி போட்டுத் தேய்த்தேன்.
ராத்திரி கொள்ளு வேகவைத்தேன்,
சமையலறை ஜன்னலை விரியத் திறந்துவிட்டு.

முதல் விசில்.
இந்தத் தெருவில் அப்படிக் கத்துகிற வெயிட்
வேறு யாரிடமும் இல்லை.

இரண்டாவது.
கீழே
பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.