வாகன எண்

செக்போஸ்ட் நோட்டில் ஆறு கட்டம்.
மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.
"வண்டி நம்பர் சொல்லும் வே" என்றார்
காவலர் சுடலைக்கண்ணு.
இருதயராஜ் அண்ணாச்சி
சைக்கிளை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுப்
பழக்கதோஷத்தில் பஸ் நம்பரைச் சொன்னார்.
சுடலைக்கண்ணு எழுந்து
எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
ஒரு கீரிப்பிள்ளை ரோட்டைக் கடந்தது,
அதுவும் நம்பர் இல்லாமல்.
கடைசியில் கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டார்.
அந்தக் கோட்டில் ஏறி உள்ளே போனோம்.

வாரத்தில் ஆறு நாள்
திருநெல்வேலி, தென்காசி, மறுபடி திருநெல்வேலி.
அவர் ஸ்டியரிங், நான் விசில்.
பேட்டை தாண்டும் முன்னமே
என் காது பாதி தேய்ந்துவிடும்.
ஏழாம் நாள்
சைக்கிள் இரண்டையும் பஸ் கூரையில் கட்டி
விடியுமுன் கடையத்தில் இறங்கினோம்.
இந்த அணைக்கரைக் காட்டுக்குள்
மோட்டார் வைத்த எதையும் விடமாட்டார்கள்.

முதல் மைலில்
அண்ணாச்சியின் வலது உள்ளங்கை
ஹேண்டில்பார் நடுவில் எதையோ தேடியது.
வளைவுக்கு வளைவு தேடியது.
அங்கே துருப்பிடித்த ஒரு திருகாணிதான்.
வளைவுக்கு அந்தப்புறம் மருதமரம்.
அடுத்ததற்கும் மருதமரம்.
"இம்புட்டு ரோட்டையும் விரிச்சு வச்சுக்கிட்டு
ஒருத்தனும் வரலையே" என்றார்,
வசூல் குறைந்த நாளில் சொல்கிற குரலில்.

செயின் சத்தம் கேட்டது.
பிறகு, வலது பெடல் மேலே வரும்போதெல்லாம்
ஒரு டிக்.
ஐந்து வருஷமாக என் சைக்கிள்,
இன்றைக்குத்தான் வாய் திறக்கிறது.
இடப்பக்கம் மரங்களுக்கு நடுவே
தண்ணீர் வந்து வந்து போனது.

நடுரோட்டில் ஒரு மிளா.
பிரேக் கட்டை கிறீச்சிட்டும் அது அசையவில்லை.
என் கை நெஞ்சுக்குப் போயிற்று.
கயிறும் இல்லை, விசிலும் இல்லை.
இருந்தால்தான் என்ன,
ஒற்றை விசிலா ரெட்டை விசிலா,
யாரை நிற்கச் சொல்ல, யாரைப் போகச் சொல்ல?
இஷ்டப்பட்ட நேரத்தில் அது இறங்கிப் போனது.
தார் மேல் நாலு ஈரக் குளம்பு.
மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனோம்.

வைகாசிக் கடைசி. அணை வற்றிக் கிடந்தது.
மூன்றாம் ஓடை தாண்டி
அணை கட்டுமுன் இருந்த பழைய தடம்
வெடித்த சேற்றின் மேல் எலும்பாய்த் தெரிந்து
நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.
முழங்கால் ஆழத்தில் ஒரு மைல்கல்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தடவினேன்.
நாலு மாதிரி ஒரு எழுத்து,
'ச' என்றும் படிக்கலாம்.
கல்லடியில் கெண்டைக்குஞ்சுகள்
ஸ்டாப் தெரியாத கூட்டம் போல நெருக்கியடித்து நின்றன.
கல்லுக்கு அப்பாலும் ரோடு போகிறது,
பெருவிரலால் தொட்டுத் தெரிந்துகொண்டேன்.
இடுப்பு வரை. அப்புறம் பச்சை இருட்டு.

"ஏறி வாரும் வே, சாரல் இறங்குது!"
கரையில் அண்ணாச்சி டிபனைத் திறந்திருந்தார்.
புளிச்சோறு, கூழ்வத்தல்.
முதல் தூறல் வத்தல் மேல்தான் விழுந்தது.

திரும்பும்போது சுடலைக்கண்ணு கேட்டார்:
"வந்த காரியம்னு ஒரு கட்டம் காலியா கிடக்கே?"
அண்ணாச்சி வெகுநேரம் யோசித்து,
"சும்மா" என்றார். 
"சும்மான்னு எழுதினா ரேஞ்சர் கேப்பாரு."
'ஆய்வு' என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை, ஆலங்குளம் தாண்டி
எதிரே செங்கல் லாரி.
அண்ணாச்சியின் உள்ளங்கை ஆரன் மேல் போய்
அழுத்தாமல் இருந்தது.
ஒரு விநாடி இருக்கும்.
கண்ணாடியில் பார்த்தேன்,
அவரும் என்னைப் பார்த்தார்.
அப்புறம் அடித்தார்.
லாரிக்காரன் பதிலுக்கு அடித்தான்.
"பாவூர்சத்திரம் ரெண்டு" என்று
யாரோ நூறு ரூபாயை நீட்டினார்கள்.
சில்லறை இல்லை.