கச்சானில் காய்ந்தவை

உகந்தையில் காட்டுப்பாதை திறக்க இன்னும் இரண்டு நாள்.
பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் இடையில்
கல்முனையில் வாங்கிய நீல நைலோன் கயிற்றை
இழுத்துக் கட்டினேன்.
"நேர்ஸ் மிஸ் ஊஞ்சலாடப் போறா" என்று
கிடாரத்தடியில் யாரோ சிரித்தார்கள்.

அரை மணித்தியாலத்தில் கயிற்றைக் காணவில்லை.

கோமாரியில் எங்களோடு சேர்ந்த
கதிராமப்போடியாரின் காவி வேட்டி, எட்டு முழமும் விரித்து.
சுவிசிலிருந்து வந்த பொடியனின் சேட்,
பிழியாமலே காய்கிற சாமான்.
சாரம், துவாய், பெனியன்.
ஓரத்தில் ஒரு கோவணம்
திருவிழாக் கொடியைப்போல் படபடத்தது,
அதற்கு யாரிடமும் வெட்கமில்லை.

எங்களுடையவை அடியில் கிடந்தன.
சேலைக்கு அடியில் பாவாடை,
பாவாடைக்கு அடியில் துவாய்,
துவாய்க்கு அடியில் பெயர் சொல்லாதவை.
மூன்று துணி தாண்டி வெயில் வரவேண்டும்.
அது பவுசர்த் தண்ணீருக்கு நிற்கும் வரிசையில்
கடைசி ஆளைப்போல்;
முறை வரும்போது பொழுதுபட்டுவிடும்.

ஈரத்தோடு உடுத்து
ஈரத்தோடு நடந்து வந்தவர்கள்
இருட்டியபின் என் கூடாரத்துக்கு
ஒவ்வொருவராக வந்தார்கள்.
"பூசுறதுக்கு ஏதும் கிடக்கா, புள்ள?"
எங்கே என்று கேட்டால்
கூடாரத்தின் சிப்பைப் பார்ப்பார்கள்.
கேட்கவே தேவையில்லை,
நடையில் தெரியும்:
தொடையும் தொடையும் பட்டுவிடாமல்
தாரா நடை.

ஆறாவது ஆளோடு டியூப்பை நசுக்கி முடித்துவிட்டுச் சொன்னேன்:
மருந்து முடிஞ்சு, வெயிலுக்குக் காட்டுங்க.
"ஐயோ கா, ஆக்கள்!"
களுதாவளை இராசமலர் காதைப் பொத்தினாள்,
நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி.

தாண்டியடி ஞானவதிதான் யோசித்தாள்.
"இரவில காத்து நிக்கிறல்லையே."

ஜெனரேட்டர் அணைந்தபின் போனோம், பதினொரு பேர்.
டோர்ச்சைக் கையால் பொத்தியதில்
விரல்கள் சிவப்பாய் எரிந்தன.
காட்டுக்கு மேலால் கச்சான் வந்துகொண்டிருந்தது,
சுடுகாற்று, அடுப்பு வாயைப்போல.
தொங்கவிட்டோம், ஒன்றையும் ஒன்றாலும் மூடாமல்.
கிளிப் போதாமல் சேலைக் குத்தூசியும் போட்டோம்.
சிரிப்பை விழுங்கி விழுங்கி
ஒருத்திக்கு விக்கல் எடுத்தது.

இரண்டு மணியிருக்கும், தடி முறிகிற சத்தம்.
சிப் இடுக்கால் பார்த்தேன்.
இருட்டில் ஒரு துண்டு
மற்ற இருட்டை விடக் கறுப்பாய் வந்து
கொடிக்கு முன்னால் நின்றது.
தும்பிக்கை எழும்பி
அங்கொன்றாக இங்கொன்றாக மணந்தது,
காலை றவுண்டில் பெரிய டொக்டர்
கட்டில் கட்டிலாய் நின்று போகிற நிதானம்.
சவுக்கார மணம் பிடிக்கவில்லைப் போலும்.
காது அடித்த காற்றில்
எங்களுடையவை ஒருதரம் ஆடி நின்றன.
பிறகு, பகலிலிருந்து எடுக்க மறந்து கிடந்த
போடியாரின் வேட்டியை மட்டும் உருவி
மத்தகத்தில் போட்டுக்கொண்டு
காட்டுப்பாதையில் இறங்கிப் போனது.
பெயர் பதியவில்லை, இரண்டு நாள் காத்திருக்கவில்லை.

விடிய, போடியார் சாரத்தோடு தேடித் திரிந்தார்.
முருகன் கேட்டு எடுத்திட்டான் என்று
யாரோ சொல்ல, முகம் மலர்ந்துவிட்டது மனிசனுக்கு.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
கண்டதைச் சொன்னால்
கொடியில் என்ன கிடந்தது என்றும் சொல்லவேண்டும்.
அதைவிட,
காய்ந்த பருத்தி உடம்பில் படும் சுகத்தில்
யாருக்கும் பேச்சு வரவில்லை.

பாதை திறந்தது.
இராசமலர் எனக்கு முன்னால் போனாள்,
தாரா நடை இல்லை.

கும்புக்கன் ஆற்றங்கரையில் பொதியை இறக்கியதும்
"அந்தக் கயித்தத் தா கா" என்றாள்.
உச்சி வெயில். ஆற்றில் அரைவாசிச் சனம்.
மருத மரத்தில் முடிச்சுப் போட்டு
தன்னுடையதை உதறி விரித்தாள்.
போடியார் திரும்பி
அக்கரையில் குரங்கு பார்க்கத் தொடங்கினார்.

அதற்கு மேல் அவள்
வேறெதையும் போடவில்லை.